பைபாஸ் முடிந்தது, இனி ஓடலாமா? கூடுவாஞ்சேரி நடையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

இதய அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பியதும் பார்க்க வரும் சொந்தக்காரர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர், "அண்ணே, இனிமே நீங்க ஒரு சொம்பைக்கூட நகர்த்தக் கூடாது" என்பார்கள். இன்னொரு வகையினர் மொபைலை எடுத்து, எழுபது வயதில் மாரத்தான் ஓடுகிற ஒருவரின் வீடியோவைக் காட்டி, "இவரும் ஹார்ட் ஆபரேஷன் பண்ணவர்தான், பாருங்க" என்பார்கள். இரண்டு பேரும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேருமே உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தவர்கள் இல்லை.

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர் பக்கம் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டி, பைபாஸோ ஸ்டென்ட்டோ வால்வு மாற்றமோ செய்துகொண்டு, "நடை போதாது, கொஞ்சம் ஓடிப் பார்க்கலாமா?" என்று நினைக்கிறவர்களுக்காக இந்தக் கட்டுரை. சுருக்கமான பதில்: பலர் ஓடலாம், சிலர் ஓடக் கூடாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் காலண்டர் சொல்லாது. "ஆறு மாசம் ஆச்சே" என்பது அனுமதி ஆகாது. ஒரு சோதனையும், அதைப் படித்துச் சொல்லும் மருத்துவரும்தான் அதைச் சொல்ல முடியும்.

படுக்கையிலிருந்து பாஸ்டன் வரை

மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலிலேயே படுக்க வைப்பதுதான் ஒரு காலத்தில் உலகம் முழுக்க வழக்கம். எழுந்து உட்காரவே யோசிப்பார்கள். அந்த வழக்கத்தை உடைத்தவர்களில் ஒருவர் கனடாவின் டொரண்டோ நகரில் இதய மறுவாழ்வு மையம் நடத்திய டாக்டர் டெரன்ஸ் கவானா. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களை முதலில் நடக்க வைத்து, பிறகு நடையோடு ஓட்டம் கலந்து, படிப்படியாகப் பழக்கினார். 1973-இல் தன் நோயாளிகள் சிலரை அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானுக்கே அழைத்துப் போனார். 42 கிலோமீட்டர் ஓட்டம் அது. அந்தச் செய்தியில் எல்லோர் கண்ணிலும் பட்டது 42 கிலோமீட்டர்தான். அதற்கு முன்னால் சோதனை, கண்காணிப்பு, மறுபடி சோதனை என்று போன நீண்ட காலத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நம் பக்கத்துக் கதையும் அந்தக் காலத்ததுதான். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். அன்று அதிசயமாகப் பார்க்கப்பட்ட சிகிச்சை இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்துவிட்டது. சிகிச்சை பரவிய அளவுக்கு அதற்குப் பிந்தைய உடற்பயிற்சி பற்றிய அறிவு பரவவில்லை. அறுவை சிகிச்சையை நல்லபடியாக முடித்துக்கொண்டு வந்து, அதற்குப் பிறகு பயத்திலேயே பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

நேர் எதிர்க் கதையும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த சாகசப் பயணி ரானல்ஃப் ஃபைன்ஸ் 2003 ஜூனில் மாரடைப்பு வந்து இரட்டை பைபாஸ் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 59. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் தொடங்கி, ஏழு கண்டங்களில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். நாடித்துடிப்பு 130-ஐத் தாண்டக் கூடாது என்பது அவருக்கு மருத்துவர் போட்ட கட்டளை. படிக்க உற்சாகமாக இருக்கும். ஆனால் துருவப் பகுதிகளில் பல்லாண்டு காலம் நடந்து பழகிய உடம்பு அவருடையது. ஆபீஸ் நாற்காலியிலிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போன நமக்கு அது அளவுகோல் ஆகாது.

"ஓடினால் இதயத்துக்கு ஒன்றும் வராது" என்று நம்புகிறவர்கள் ஜிம் ஃபிக்ஸ் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். 1977-இல் ஓட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களைத் தெருவில் ஓட வைத்தவர். அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் மாரடைப்பு வந்தது, 43 வயதில் இறந்தார். ஃபிக்ஸ் 1984-இல் ஓடப் போன இடத்தில் சாலையோரம் விழுந்து இறந்தார், வயது 52. இதய ரத்தக் குழாய்கள் மூன்றிலும் அடைப்பு இருந்தது. டிரெட்மில் சோதனைக்கு டாக்டர் கென்னத் கூப்பர் கூப்பிட்டபோது அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

முதல் மூன்று மாதம்: இதயத்தை விட நெஞ்செலும்பு

பைபாஸ், வால்வு போன்ற திறந்த அறுவை சிகிச்சைகளில் நடு நெஞ்செலும்பை இரண்டாக அறுத்துத் திறந்து, முடிந்ததும் கம்பி போட்டுச் சேர்க்கிறார்கள். வெளித் தையல் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். உள்ளே எலும்பு ஓரளவு கூட 6 முதல் 8 வாரம், நன்றாகப் பலப்பட சுமார் 3 மாதம் ஆகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு குலுங்குகிறது. எனவே இதயம் தயாராக இருந்தாலும், எலும்பு கூடாமல் ஓட்டம் கிடையாது.

இந்தக் காலத்தில் நம்ம ஊர் ஆபத்துகள் தனி. முதலாவது, 20 லிட்டர் தண்ணீர் கேன். அது 20 கிலோ. கேன் போடுகிற தம்பி வாசலில் வைத்துவிட்டுப் போனதும், "உள்ளதானே, நாமே தள்ளிடலாம்" என்று தோன்றும். தொடாதீர்கள். கேஸ் சிலிண்டர், மாவு டிரம், ரேஷன் அரிசி மூட்டை எல்லாமே அதே கணக்குதான். பேரக் குழந்தையைத் தூக்குவதும் அப்படியே. உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, டூவீலர். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு திடீர் பிரேக், ஹேண்டில்பாரில் நெஞ்சு மோதினால் போதும். மருத்துவர் சொல்லும் வரை ஓட்டவும் வேண்டாம், பின்னால் உட்காரவும் வேண்டாம்.

நடை மட்டும் முதல் வாரத்திலிருந்தே உண்டு. வீட்டுக்கு வந்த புதிதில் 5 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, வீட்டுக்குள்ளோ மாடி வராந்தாவிலோ. பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், ஆறாவது வாரத்தில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் சமதளத்தில் நடக்க முடியும். பலருக்கு இது சாத்தியம். காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் மாலையில் கொஞ்சம் வீங்கும். உட்காரும்போது ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீக்கத்தோடு கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்டென்ட் மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த எலும்புப் பிரச்சினை இல்லை. சில நாட்களிலேயே நன்றாக நடந்துவிடுவார்கள். அதனாலேயே அவர்களிடம் ஓர் அவசரம் இருக்கும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தால் இதயத் தசையில் ஒரு காயம் இருக்கிறது, அது ஆற வாரங்கள் ஆகும். மணிக்கட்டில் சின்னத் தழும்புதானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த ஆண் காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கப் போகிறார். அதே சிகிச்சை செய்துகொண்ட அம்மா, "வீட்டு வேலையே எனக்கு எக்சர்சைஸ்" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறார். வீட்டு வேலையில் குனிவதும் தூக்குவதும் நிறைய. இதயத்துக்குத் தேவையான, இடைவிடாத, சீரான அரை மணி நேர இயக்கம் அதில் கிடைப்பதில்லை. அவருக்கும் ஒரு ஷூவும், அந்த அரை மணி நேரமும் வேண்டும்.

டி.எம்.டி. அறிக்கையை எப்படிப் படிப்பது?

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போகும்போது, "சார், நான் மெதுவா ஓட ஆசைப்படுறேன், டிரெட்மில் டெஸ்ட் எடுக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் பலருக்கு இந்தப் பேச்சே வருவதில்லை. மருத்துவரும் நீங்கள் நடையோடு நின்றுவிடுவீர்கள் என்றே நினைத்துக்கொள்வார்.

இந்தச் சோதனையில் பொதுவாகப் பின்பற்றுவது புரூஸ் முறை. 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீதச் சரிவு. இரண்டாவதில் 4 கி.மீ., 12 சதவீதம். மூன்றாவதில் 5.5 கி.மீ., 14 சதவீதம். உடம்பு செலவிடும் ஆற்றலை மெட் என்ற அலகில் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட். வேகமான நடை 4 முதல் 5. மெதுவான ஓட்டம் சுமார் 7.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் கட்டத்தை முடித்தால் சுமார் 5 மெட், இரண்டாவது சுமார் 7, மூன்றாவது சுமார் 10. அறிக்கையில் உங்கள் அளவு 7 மெட் என்று இருந்தால், மெதுவான ஓட்டமே உங்கள் உச்ச சக்தி என்று அர்த்தம். தினமும் உச்சத்தில் ஓட்டுவதற்கு எந்த இன்ஜினும் செய்யப்படவில்லை. நீங்கள் இன்னும் சில மாதம் வேகமாக நடக்க வேண்டும். 10 மெட்டை எட்டி, ஈ.சி.ஜி.யில் மாற்றம் இல்லாமல், நெஞ்சு வலியும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் இல்லாமல் முடித்திருந்தால், மெதுவான ஓட்டத்துக்கு இடம் இருக்கிறது. மருத்துவர் பச்சைக்கொடி காட்ட வாய்ப்பு அதிகம்.

கூடவே எக்கோ அறிக்கையில் ஈ.எஃப். என்ற எண்ணையும் பாருங்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. 55 முதல் 70 வரை இயல்பு. 40-க்குக் கீழே இருந்தால் ஓட்டத்தை மறந்துவிட்டு, கண்காணிப்போடு நடப்பதைப் பற்றிக் கேளுங்கள். மகாதமனி வீங்கியவர்கள், வால்வு இன்னும் சுருங்கியிருப்பவர்கள், இதயத் தசை தடித்த பரம்பரை நோய் உள்ளவர்கள், துடிப்புக் கோளாறு கட்டுக்குள் வராதவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அவர்களுக்கு இதயத்தை விடவும், ஓடும்போது கீழே விழுந்து தலையில் அடிபடுவதுதான் பெரிய ஆபத்து.

மாத்திரை போட்டவரின் நாடிக் கணக்கு வேறு

ஸ்மார்ட் வாட்ச் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு சூத்திரம் தெரியும்: 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு. 60 வயது என்றால் 160. இதய நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு இது பொருந்தாது. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைப் பிடித்து வைக்கின்றன. நீங்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள், வாட்ச் 115 என்று காட்டும். "இன்னும் 45 பாக்கி இருக்கே" என்று வேகத்தைக் கூட்டினால் வம்புதான். உங்கள் எல்லை எண் எது என்பதை டி.எம்.டி. எடுத்த மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சோதனையை வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு எடுத்தீர்களா, நிறுத்திவிட்டு எடுத்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை முடிந்த ஆரம்ப வாரங்களில் ஓய்வுத் துடிப்பை விட 20 முதல் 30 வரைதான் கூடலாம் என்பது பொதுவாகத் தரப்படும் அளவு.

வாட்ச் இல்லாதவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஓடிக்கொண்டே ஒரு திருக்குறளை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். ஏழே சீர். நடுவில் மூச்சு வாங்காமல் முடிந்தால் வேகம் சரி. மூன்றாவது சீரில் திணறினால் உடனே நடைக்கு மாறுங்கள். மறுவாழ்வு மையங்களில் பேச்சுச் சோதனை என்று இதைத்தான் செய்கிறார்கள், குறள் மட்டும் நம்முடையது.

மாத்திரை விஷயத்தில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஓடிய மறுநாள் முழங்கால் வலிக்கும். மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். இதய நோயாளிக்கு அவை ஆபத்தைக் கூட்டும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். இரண்டாவது, கொழுப்பு குறைக்கும் மாத்திரையால் சிலருக்குத் தசை வலி வரும். ஓடிய தொடையில் மட்டும் வலித்து இரண்டு நாளில் போனால் அது ஓட்டத்தின் வலி. உடம்பு முழுக்க வலித்து, சிறுநீர் டீ நிறத்தில் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைவதற்கு வழி செய்துவிடும்.

முப்பது விநாடியில் ஆரம்பம்

மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டார். நாளைக்குக் காலையில் என்ன செய்வது?

10 நிமிடம் நடங்கள், கடைசி 3 நிமிடம் கொஞ்சம் வேகமாக. பிறகு 30 விநாடி மெதுவான ஓட்டம். மெதுவானது என்றால், பக்கத்தில் நடந்து போகிறவர் உங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை என்கிற வேகம். பிறகு 2 நிமிடம் நடை. இப்படி ஆறு சுற்று. கடைசியில் 10 நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். மொத்தத்தில் நீங்கள் ஓடியது 3 நிமிடம்தான். அன்றைக்கு அது போதும். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். நடுவில் உள்ள நாட்களில் நடை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தை 15 அல்லது 30 விநாடி கூட்டலாம். ஒரு வாரம் கல்யாணம், காய்ச்சல் என்று விட்டுப்போனால், விட்ட இடத்துக்கு முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள். காய்ச்சலோடு ஓடவே கூடாது. இப்படியே போனால் இடைவிடாமல் 15, 20 நிமிடம் மெதுவாக ஓடும் நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பலர் நடையும் ஓட்டமும் கலந்த நிலையிலேயே நிரந்தரமாக இருப்பார்கள். அதில் இதயத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை.

கடைசி 10 நிமிட நடையை யாரும் மதிப்பதில்லை. ஓடும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, அழுத்தம் விழுந்து, தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஓடி முடித்ததும் டீக்கடை பெஞ்சில் தொப்பென்று உட்காரும் பழக்கத்தை விடுங்கள். டீ பத்து நிமிடம் காத்திருக்கும்.

சர்க்கரை நோய் இருந்தால், மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஓட வேண்டாம். பாக்கெட்டில் இரண்டு மிட்டாயோ குளுக்கோஸோ இருக்கட்டும். அதை விட முக்கியம்: நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பே நெஞ்சு வலி இல்லாமல் வரலாம். வழக்கத்துக்கு மாறான களைப்பு, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றை அவர்கள் வலியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், திட்டத்தில் இல்லாத ஓட்டம் ஒன்று இருக்கிறது. பீச் போகிற ரயில் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குள் வருவது தெரிகிறது, நீங்கள் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். கையில் பை, தோளில் லஞ்ச் பேக். நடைமேம்பாலப் படியில் தடதடவென்று ஏறி ஓடுகிறீர்கள். வார்ம்-அப் கிடையாது, வேகக் கட்டுப்பாடு கிடையாது, படியேற்றம் வேறு. காலையில் ஜாக்கிரதையாக 30 விநாடி ஓடுகிறவர், எட்டரை மணிக்கு இப்படி ஓடினால் என்ன பிரயோஜனம்? அந்த ரயிலை விட்டுவிடுங்கள், அடுத்தது வரும்.

எங்கே, எத்தனை மணிக்கு?

ஜி.எஸ்.டி. சாலை ஓரம் வேண்டவே வேண்டாம். லாரிப் புகை ஒரு காரணம், வண்டிகள் இன்னொரு காரணம். தெருவிளக்கு உள்ள உள் தெருக்கள், குடியிருப்பு நகர்களின் பூங்காக்கள், நந்திவரம் பக்கத்து அகலமான தெருக்கள், அனுமதி கிடைத்தால் பள்ளி மைதானம் ஆகியவை நல்லது. தரை சமமாக இருக்க வேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் பாதாளச் சாக்கடை மூடியில் தடுக்கி விழுந்தால், சாதாரணச் சிராய்ப்பாகப் போகாது. அதனால் இருட்டில் ஓட வேண்டாம், வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நம் பக்கத்து ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது, இதயம் இரட்டை வேலை செய்யும். சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும், "நிறைய குடிங்க" என்ற பொது அறிவுரை அவர்களுக்கு இல்லை. நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்றுவிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் குழாய் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம்.

தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர்களுக்கு, 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் இருக்கிறது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்வு செய்திருக்கிறார்கள். முழு 8 கிலோமீட்டரையும் முதல் நாளே நடக்க வேண்டியதில்லை. 2021-இல் சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் முழங்கால் பலமாக அடிபட்டவர், சர்க்கரை நோயும் உள்ளவர். ஐம்பது வயதுக்கு மேல்தான் ஓட ஆரம்பித்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடினார். அவருடையது இதயப் பிரச்சினை அல்ல, அதனால் அவருடைய வேகத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடங்கிய வயதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அரசுச் சேவைகளில் எது உங்களுக்குப் பயன்படும்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும், சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சில சிகிச்சைகளுக்குப் பிந்தைய கவனிப்பும் பரிசோதனையும்கூட இதில் அடங்கும். உங்கள் அறுவை சிகிச்சைக்கு என்ன உண்டு என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். பலர் ஆபரேஷனோடு அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வரும், இயன்முறை சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வெளியில் வாங்க வேண்டிய மருந்துகளுக்கு, 2025 பிப்ரவரி 24 முதல் இயங்கும் முதல்வர் மருந்தகங்களில் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்தின் மூலப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கினால் தேடுவது சுலபம். நள்ளிரவில் ஒரு சந்தேகம் என்றால் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றின் முதல் தவணையை அங்கேயே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே இவற்றைச் சாப்பிடுகிறவராக இருந்தால், அன்றைக்கு எதைப் போட்டீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல், துடிப்பு தாறுமாறாக அடிப்பது, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று, உட்காருங்கள். "வீடு பக்கம்தானே" என்று நடக்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் உட்கார்ந்த பிறகு வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் மயங்கி விழலாம். 5 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் 108. அந்த 5 நிமிடத்துக்குள்ளேயே மோசமானால் அப்போதே 108. பைக்கில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள். வழியில் நினைவு தப்பினால் பின்னால் உட்கார்ந்திருப்பவரால் பிடிக்க முடியாது.

இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்கி உங்கள் மொபைலில் இவற்றைச் செய்துவிடுங்கள். அமைப்புகளில் அவசரத் தகவல் என்ற பகுதியில் பெயர், ரத்த வகை, செய்த அறுவை சிகிச்சை, தேதி, மாத்திரைகள், வீட்டார் எண் ஆகியவற்றை நிரப்புங்கள். பூட்டிய திரையிலிருந்தே மற்றவர்கள் அதைப் பார்க்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்கோ, டி.எம்.டி. மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள், அல்லது 14 இலக்க ஆபா எண் எடுத்து அதில் இணையுங்கள். ஓடக் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரத்துக்கு லைவ் லொகேஷனை மகளுக்கோ மனைவிக்கோ அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். மொபைலை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.